தம்பியின் ஈரலைக் காத்தவர்களுக்கு நன்றி

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் ஊழியர்களுக்கும், படுவான்கரையிலுள்ள எங்கள் அயலவர்களுக்கும் வணக்கம்.

பல்வலி தாங்காமல் தம்பி நாட்கணக்காகப் பனடோல், அதாவது பரசிட்டமோல் விழுங்கியிருந்தான். இடையில் தடிமனுக்கென்று கடையில் வாங்கிய மாத்திரையிலும் அதே பரசிட்டமோல்தான் இருந்தது. வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைய உச்ச அளவு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரைகள் 8. அதைத் தாண்டியிருந்தும் அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஈரல் கெடத் தொடங்கிய பிறகும் ஆள் நடமாடிக்கொண்டிருப்பதுதான் இந்த நஞ்சின் கொடுமை.

வாந்தி எடுத்தவனைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டு அக்கா, தலையணைக்கு அடியில் கிடந்த வெற்று அட்டைகளைக் கண்டதும் ஒன்று விடாமல் பொறுக்கிப் பையில் போட்டு என் கையில் தந்தார். 1990 அம்புலன்சை அழைத்தவரும் அவர்தான். அக்கா, இந்தக் கடனை நாங்கள் எப்படித் தீர்ப்போம்?

அந்த அட்டைகளை மேசையில் பரப்பிப் பார்த்த இளம் வைத்தியர், எப்போதிலிருந்து குடித்தான், கடைசியாக எப்போது குடித்தான் என்று பொறுமையாகக் கேட்டார். ஒரே தடவையில் விழுங்கியிருந்தால், 4 மணித்தியாலத்துக்குப் பிறகு இரத்தத்திலுள்ள அளவை வரைபடத்தோடு ஒப்பிட்டு முடிவெடுக்கலாமாம். நாட்கணக்கில் சிறிது சிறிதாகச் சேர்ந்ததற்கு அந்த வரைபடம் பொருந்தாது. வயிற்றிலுள்ள மருந்தை உறிஞ்சிக்கொள்ளும், ஆனால் உடனே குடித்தால் மட்டும் பயன்தரும் கரித்தூளுக்கும் காலம் கடந்துவிட்டது. அவர் தாமதிக்காமல் இந்த நஞ்சை முறிக்கும் அசிட்டைல்சிஸ்டீனைத் தொடங்கினார்.

சளியை இளக்கப் பயன்பட்ட மருந்து அது. பரசிட்டமோலின் ஒரு பகுதி ஈரலில் நச்சுப்பொருளாக மாறுகிறது. அதை அடக்கும், ஈரலிலேயே இருக்கும் குளுட்டாதயோன் என்ற பொருள் தீர்ந்துபோனால் ஈரல் கலங்கள் மடிகின்றன. தீர்ந்ததை மீண்டும் உருவாக்க இம்மருந்து உதவுகிறது. இதை நரம்பு வழியாக ஏற்றிப் பலன் கண்டு, 1970களில் உலகுக்கு எடுத்துச் சொன்ன எடின்பரோவின் பிரெஸ்கொட் குழுவினரையும் இங்கே கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

முதல் போத்தல் ஏறும்போதே தம்பியின் கழுத்தும் நெஞ்சும் சிவந்து தடித்தன. நாங்கள் பதறிப்போனோம். தாதி ஓடிவந்து சேலைனை நிறுத்தினார், வைத்தியரிடம் கேட்டு ஒவ்வாமைக்கு ஊசி போட்டார், சிவப்பு அடங்கியதும் துளிகளை மெதுவாக விட்டு மீண்டும் தொடங்கினார். "இது வருவதுதான், இதற்காக இந்த மருந்தை விட்டுவிடக் கூடாது தம்பி" என்று அவன் தோளைத் தட்டிச் சொன்னார். 21 மணித்தியால மருந்து முடிந்த பிறகும் ஈரலின் பாதிப்பைக் காட்டும் இரத்த நொதியங்கள் இறங்காததால் மேலும் ஏற்றினார்கள். இரத்தம் உறைவதற்கு விற்றமின் கே கொடுத்தார்கள், சீனி அளவை இரவிலும் பார்த்தார்கள்.

கீழ்காய்நெல்லிச் சாற்றோடு மாமி வந்தபோது யாரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. ஈரல் இருக்கும் நிலையில் வேறெதுவும் வேண்டாம் என்று பெரிய வைத்தியர் அவரை உட்காரவைத்து விளக்கினார். அந்த மரியாதைக்குத் தனியாக ஒரு நன்றி.

இரத்தம் உறையும் நேரம் சீராகும்வரை பொறுத்திருந்து, எல்லாவற்றுக்கும் காரணமான அந்தக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய பற்சிகிச்சைப் பிரிவினருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.