முதல் கிளைசீனைப் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். போலியோ வைரஸின் ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதியான ஆர்.என்.ஏ. பாலிமரேஸை பாக்டீரியாவில் உருவாக்கித் தூய்மைப்படுத்திய பிறகும் அது ஓர் எழுத்தைக்கூடப் படியெடுக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். 461 அமினோ அமிலங்களும் குறைவின்றி இருக்க, தொடக்கத்தில் நீங்காமல் நின்றுவிட்ட மெத்தியோனின் என்ற ஒரே ஒரு கூடுதல் அமினோ அமிலம் இவ்வளவு பெரிய புரதத்தை என்ன செய்துவிட முடியும் என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஒன்றுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதை விளங்கிக்கொள்ள இந்த நொதியின் உருவத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

சுமார் 7,500 எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ. இழைதான் இந்த வைரஸின் மரபுத்தொகை. அதைப் பார்த்து இன்னோர் ஆர்.என்.ஏ. இழையைப் பின்னித் தரும் நொதியை வைரஸ் தானே கொண்டுவர வேண்டியிருக்கிறது. நொதியின் வடிவத்தை எல்லோரும் வலது கைக்கு ஒப்பிடுவார்கள். விரல்கள், உள்ளங்கை, கட்டைவிரல் என்றே அதன் பகுதிகளுக்குப் பெயர். வேதிவினை நடப்பது உள்ளங்கையில். 233ஆம், 328ஆம் இடங்களில் உள்ள அஸ்பார்டிக் அமிலங்கள் அங்கே இரண்டு மக்னீசியம் அயனிகளைப் பிடித்துவைக்கின்றன. வளரும் இழையின் நுனியிலுள்ள ஆக்சிஜன் புதிதாக வந்த எழுத்தான நியூக்ளியோடைடின் முதல் பாஸ்பேட்டைத் தாக்க, மற்ற இரண்டு பாஸ்பேட்டுகளும் ஒன்றாகக் கழன்று வெளியேறுகின்றன. இவ்வளவும் உங்களுக்குத் தெரிந்ததே.

தெரியாமல் இருந்தது விரல்களைப் பற்றித்தான். இந்த நொதியைப் படிகமாக்கி எக்ஸ் கதிர்களால் கண்டறிந்த உருவம், அதாவது அதன் முதல் படிக அமைப்பு, 1997இல் கொலராடோவில் வெளிவந்தது. ஆர்.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ. எழுதும் நொதிகளிலேயே முதன்முதலில் உருவம் தெரிந்தது இதற்குத்தான் என்பதால் அது பெரிய சாதனை. ஆனால் படிகத்தில் ஒரே நிலையில் நில்லாத பகுதிகள் எலெக்ட்ரான் அடர்த்திப் படத்தில் தெளிவாகத் தெரியமாட்டா என்பதால், விரல்களின் பெரும்பகுதி அதில் விடுபட்டிருந்தது. முழு உருவத்தை 2004இல் தாம்சனும் பீர்சனும் வெளியிட்டார்கள். படிக அமைப்பு என்பது வெறும் படமன்று, அது ஒரு விளக்கம் என்று எனக்குப் புரியவைத்த ஆய்வுக் கட்டுரை அது.

புரதச் சங்கிலியின் முதல் அமினோ அமிலமான கிளைசீன், கரைசலில் அலையும் தளர்ந்த நுனியாக இருக்கும் என்றுதான் நாமெல்லோரும் எண்ணுவோம். அவர்கள் கண்டதோ, அது விரல்களின் அடியிலுள்ள ஒரு குழிக்குள் ஆழப் புதைந்து, சுற்றியுள்ள அமினோ அமிலங்களோடு ஹைட்ரஜன் பிணைப்புகளால் கட்டுண்டு கிடந்ததை. அந்தக் குழி கிளைசீனின் அளவுக்கே ஆனது. அதற்கு முன்னால் இன்னொன்று ஒட்டியிருந்தால் நுனி உள்ளே போகாது. நுனி உள்ளே போகாவிட்டால், புதிய நியூக்ளியோடைடின் சர்க்கரையை அடையாளம் காண உதவும் 238ஆம் அஸ்பார்டிக் அமிலம் தனக்குரிய இடத்தில் அமைவதில்லை. குழி இருப்பது ஓரிடம், வினை நடப்பது இன்னோரிடம். ஆனால் ஒன்றின் பூட்டு மற்றொன்றின் சாவியால் திறக்கிறது. உங்கள் மெத்தியோனின் அடைத்துக்கொண்டிருப்பது இந்தக் குழியைத்தான்.

வைரஸ் இதைத் தனக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொள்கிறது என்பது என்னை இன்றும் வியக்கவைக்கிறது. வைரஸின் புரதங்கள் யாவும் ஒரே நீண்ட சங்கிலியாக உருவாகிப் பின்னர் வெட்டப்படுகின்றன. பாலிமரேஸ் தனக்கு முன்னுள்ள புரதம் வெட்டும் நொதியோடு ஒட்டியிருக்கும் வரை, அந்தக் கூட்டுப் புரதம் மற்றவற்றை வெட்டுமே தவிர ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்காது. குளூட்டமினுக்கும் கிளைசீனுக்கும் இடையே வெட்டு விழுந்த பிறகே கிளைசீன் விடுதலை பெற்றுக் குழிக்குள் செல்கிறது. படியெடுப்பும் அப்போதுதான் தொடங்குகிறது.

விரல்களுக்கு இன்னொரு கடமையும் உண்டு. பல டி.என்.ஏ. பாலிமரேஸ்களில் சரியான எழுத்து வந்ததும் விரல்கள் மடங்கி மூடுகின்றன. இங்கே விரல்நுனிகள் கட்டைவிரலோடு பிணைந்திருப்பதால் அப்படி மடங்க இயலாது. பிறகு எப்படி மூடுகிறது என்ற கேள்விக்கு 2010இல் காங்கும் பீர்சனும் விடை கண்டார்கள். ஆர்.என்.ஏ.வோடு சேர்த்து வளர்த்த படிகங்களை நியூக்ளியோடைடுகளில் ஊறவைத்து, படிகத்துக்குள்ளேயே வினை நடக்கச் செய்து, அதன் நிலைகளை ஒவ்வொன்றாகப் பதிவு செய்தார்கள். அசைவது விரல்களல்ல, உள்ளங்கையின் ஒரு சிறு பகுதி. அது சற்றே நகர்ந்து 233ஆம் அஸ்பார்டிக் அமிலத்தை உலோக அயனிகளின் அருகில் கொண்டுவந்து நிறுத்துகிறது.

இவற்றையெல்லாம் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ரிபாவிரின் மருந்தைத் தாங்கி வளர்ந்த போலியோ வைரஸில், 64ஆம் இடத்துக் கிளைசீன் செரினாக மாறியிருந்ததை 2003இல் கண்டார்கள். அந்த மாற்றம் பெற்ற நொதி பிழைகளைக் குறைவாகவே செய்கிறது. வினை நடக்கும் இடத்திலிருந்து தள்ளியிருக்கும் ஒரு கிளைசீன் பிழைவிகிதத்தை எப்படி மாற்றும் என்பது முதலில் புதிராகவே இருந்தது. நீங்கள் முழு அமைப்பைத் திரையில் திறந்து பார்த்தால், அந்த 64ஆம் இடம் முதல் கிளைசீன் புதைந்திருக்கும் குழியை ஒட்டியே இருப்பதைக் காண்பீர்கள்.

இனி உங்கள் சோதனைக்கு வருகிறேன். புரதத்தை யூபிக்விட்டின் என்ற சிறு புரதத்தோடு இணைத்து உருவாக்கி, அந்த இணைப்பை வெட்டும் நொதியையும் அதே பாக்டீரியாவில் சேர்த்து இயங்கச் செய்யுங்கள். வெட்டு சரியாகக் கிளைசீனுக்கு முன்னால் விழும். பலர் கையாண்டு பலன் கண்ட வழி இது. தூய்மைப்படுத்த உதவும் ஹிஸ்டிடின் வால் (ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தின் சிறு தொடர்) வேண்டுமென்றால் அதைச் சங்கிலியின் இறுதியில் வையுங்கள், தொடக்கத்தில் ஒருபோதும் வேண்டாம். புதிய புரதம் கிடைத்ததும் படியெடுக்கும் சோதனைக்கு அவசரப்படாமல் முதலில் அதன் நிறையை அளந்து பாருங்கள். மெத்தியோனின் போயிருந்தால் பழைய அளவைவிட 131 டால்டன் (மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் அலகு) குறைந்திருக்கும். அந்த எண்ணைக் கண்டதும் எனக்கு எழுதுங்கள், ஆவலோடு காத்திருப்பேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்