உங்கள் வீரருக்கு ஒரு நியாயம், பியன் ஹோவாக்காரருக்கு ஒரு நியாயமா?

அமெரிக்க காங்கிரஸின் இரு அவைகளையும் சேர்ந்த மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் உங்களுக்கு ஓட்டுப் போடுகிறவன் இல்லை. பிழைப்புக்காக வியட்நாம் வந்து ஹோ சி மின் நகரில் குடியிருக்கும் தமிழன். இந்த ஊர் குடிக்கிற தண்ணீரில் பெரும்பகுதி டோங் நாய் ஆற்றிலிருந்து வருகிறது. அந்த ஆற்றங்கரையில்தான் பியன் ஹோவா என்ற ஊர் இருக்கிறது. ஆகவே கேட்க எனக்கும் பாத்தியதை உண்டு.

அங்குள்ள விமானத்தளத்தின் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வியட்நாம் போரில் காட்டின் இலைகளை உதிர்க்கத் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்ச் என்ற களைக்கொல்லியின் பீப்பாய்களை அடுக்கியதும், விமானங்களில் ஏற்றியதும், 1970-ஐ ஒட்டி 25,000 லிட்டருக்கும் மேல் தரையில் ஒழுகவிட்டதும் உங்கள் ராணுவம். சுத்தப்படுத்த வேண்டிய மண் சுமார் 5 லட்சம் கன மீட்டர். டா நாங் தளத்தில் இதே வேலையை 2018-இல் முடித்துக் கொடுத்தீர்கள். பியன் ஹோவாவிலும் தொடங்கினீர்கள். நன்றி, மறுக்கவில்லை.

ஆனால் 2025 தொடக்கத்தில் உங்கள் அரசு வெளிநாட்டு உதவிகளை ஒரே உத்தரவில் நிறுத்தியபோது, நஞ்சேறிய மண்ணைத் தோண்டிய குழிகள் அப்படியே திறந்து கிடந்தன. சில வாரங்களில் வேலை மறுபடி தொடங்கியது, சரி. அதற்குள் ஒரு பெருமழை பிடித்திருந்தால் அந்த மண் எங்கே போயிருக்கும்?

அந்தக் களைக்கொல்லியில் கலந்திருந்த நஞ்சான டையாக்சின் தண்ணீரில் கரைந்து போய்விடுகிற சாமான் இல்லை. சேற்றில் ஒட்டிக்கொள்ளும். சேற்றைக் கிளறும் மீன், நத்தை, வாத்து இவற்றின் கொழுப்பில் ஏறும். அவற்றைத் தின்றவர் உடம்பில் வருடக்கணக்கில் தங்கும். பிறகு தாய்ப்பாலில் இறங்கும். வியட்நாமியத் தாய்ப்பாலில் இது இருப்பதை உங்கள் நாட்டு விஞ்ஞானிகளே 1970களில் கண்டுபிடித்துச் சொன்னார்கள். தளத்து ஏரிகளில் மீன் பிடிக்கக் கூடாது என்று தடை வந்தது அதற்கு எத்தனையோ வருடம் கழித்து. பக்கத்தில் கிடைக்கிறது, விலையும் குறைவு, பிள்ளை பெற்றவளுக்கு நல்லது என்று அதுவரை வாங்கிக் குழம்பு வைத்தவர்கள் எத்தனை பேரோ. அப்படிப்பட்ட வீட்டில் குறையோடு ஒரு குழந்தை பிறந்தால், காரணம் இந்த நஞ்சுதான் என்று நிரூபி என்கிறீர்கள். எந்த வருடம், எந்த மீன் என்று அந்தத் தாய் ரசீதா வைத்திருக்கிறாள்?

உங்கள் முன்னாள் படைவீரர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லையே. 1991-இல் நீங்கள் போட்ட சட்டப்படி, போர்க்காலத்தில் வியட்நாம் மண்ணை மிதித்திருந்தால் போதும், நஞ்சு பட்டதாகவே எடுத்துக்கொள்கிறீர்கள். பட்டியலில் உள்ள நோய் வந்தால் உதவித்தொகை. அவர்கள் பிள்ளைகள் சிலவகை முதுகெலும்புக் குறையோடு பிறந்தால் அதற்கும் உதவி. 2022-இல் ரத்தக் கொதிப்பையும் சேர்த்தீர்கள். நல்ல சட்டம், ஒரு எழுத்துகூடக் குறைக்க வேண்டாம். ஆனால் பெரும்பாலான வீரர்கள் இங்கே இருந்தது ஒரு வருடம்போல. பியன் ஹோவாக்காரர்கள் ஆயுள் முழுக்க இருக்கிறார்கள். வீரருக்குக் கேட்காத ஆதாரத்தை இவர்களிடமும் கேட்காதீர்கள். என் கோரிக்கை இவ்வளவுதான்.

ஏஜென்ட் ஆரஞ்சைத் தயாரித்த ரசாயன நிறுவனங்கள் 1984-இல் உங்கள் வீரர்களுக்கு 18 கோடி டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டன. வியட்நாமியர்கள் 2004-இல் உங்கள் நீதிமன்றப் படியேறியபோது, களைக்கொல்லி தெளிப்பதை அன்றைய சர்வதேசச் சட்டம் தடுக்கவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் 2009-இல் விசாரிக்கவே மறுத்தது. களைக்கொல்லியாம்! 7 கோடி லிட்டருக்கும் மேல் தெளித்தீர்களே, அவ்வளவு களையா முளைத்திருந்தது?

1954-இல் ஜெனீவாவில் பேசி, 17-ஆம் இணைகோட்டில் நாட்டைத் தற்காலிகமாகப் பிரித்தபோது 1956-இல் தேர்தல் என்றார்கள். நடக்கவில்லை. கண்காணிப்பு ஆணையத்துக்குத் தலைமை வகித்தது எங்கள் இந்தியா, அதனாலும் ஒன்றும் ஆகவில்லை. பிறகு தெற்கு வியட்நாமின் சைகோன் அரசைத் தாங்கிப் பிடிக்க ஆலோசகர்களை அனுப்பினீர்கள், அப்புறம் படையை அனுப்பினீர்கள். 1975-இல் தோற்ற கோபத்தில் 1994 வரை வணிகத் தடை. 2023-இல் திடீரென்று மிக உயர்ந்த கூட்டாளி. சீனாவை நினைத்து வந்த பாசம் என்பது இங்கே காபிக் கடையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும்.

அது உங்கள் ராஜதந்திரம், நான் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

வியட்நாமியப் பாதிப்பாளர்களுக்கு நிவாரணம் கோரும் மசோதாவை, உங்கள் அவையில் உறுப்பினராக இருந்த பார்பரா லீ அம்மையார் பலமுறை உங்கள் முன் வைத்தார். ஒருமுறைகூட நிறைவேறவில்லை. இனியாவது அதை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஆதாரம் விஷயத்தில் உங்கள் வீரருக்குள்ள விதியையே இவர்களுக்கும் எழுதுங்கள். பியன் ஹோவா வேலைக்கான பணத்தை, யார் ஆட்சிக்கு வந்தாலும் பாதியில் நிறுத்த முடியாதபடி சட்டத்திலேயே ஒதுக்கித் தாருங்கள். இங்கே மே மாதம் மழை தொடங்கிவிடும், அதற்கு முன்பே செய்தால் மெத்த நலம்.

இப்படிக்கு,
டோங் நாய் தண்ணீர் குடிக்கும் ஒருவன்