உன்னை ‘மதர்’ என்று அழைக்கிறார்களாமே

சுங்கை சிப்புட்,
பேராக்.

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. உன்னை உங்கள் கன்னியர் இல்லத்துக்குத் தலைவியாக நியமித்திருக்கிறார்கள் என்று படித்ததும் கண் கலங்கிவிட்டது. ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டு மீதியைப் படித்தேன். அடுத்த பக்கத்தில் நீ எழுதியிருந்தது இரண்டு நாளாக என்னை விடவில்லை. “பிள்ளை பெறாத என்னைப் பதினொரு பேர் மதர் என்று கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிறேன்” என்று எழுதியிருக்கிறாய்.

நம் ரப்பர் தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை நினைவிருக்கிறதா? வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்று இருட்டோடு பால் வெட்டுக்குப் போய்விடுவார்கள் நம் அம்மாமார். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்னால் தூங்குகிற பிள்ளையைத் துணியோடு சுருட்டிக் கொண்டுபோய் ஆயாவிடம் விடவேண்டும். எங்கள் வீட்டில் தம்பியைத் தூக்கிப் போவது என் வேலை. உத்தரத்தில் வரிசையாகத் தூளிகள் தொங்கும். இருட்டில் எந்தத் தூளி அழுதாலும், விளக்கை எடுக்காமலே அது யார் பிள்ளை, பசியா, எறும்பு கடித்ததா என்று ஆயா சொல்லிவிடுவார். என் தம்பிக்கு யாராவது காது மடலைப் பிடித்துக்கொண்டால்தான் தூக்கம் வரும். அம்மா அதை ஆயாவிடம் சொன்னதே இல்லை. ஒருநாள் காய்ச்சலுக்காகப் பள்ளிக்குப் போகாமல் அங்கேயே படுத்திருந்தேன். ஆயா ஒரு பிள்ளையை மடியில் போட்டுப் பால் புகட்டிக்கொண்டிருந்தார். கால் கட்டைவிரலில் கயிற்றைக் கட்டி ஒரு தூளியை ஆட்டிக்கொண்டிருந்தார். ஓய்ந்திருந்த ஒரே கையால் என் தம்பியின் காதைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆயாவுக்குப் பிள்ளை கிடையாது. அவரைத் தாய் இல்லை என்று நம் லயத்து வரிசை வீடுகளில் யாராவது சொன்னார்களா?

நீ மறையுரைகளில் எத்தனையோ முறை கேட்டிருப்பாய், இருந்தாலும் சொல்கிறேன். தெசலோனிக்க மக்களுக்கு எழுதும்போது திருத்தூதர் பவுல், குழந்தைகளைப் பேணும் தாயைப்போல் உங்கள் நடுவில் கனிவாக இருந்தோம் என்கிறார். ஊர் ஊராக அலைந்த, மனைவி மக்கள் இல்லாத ஒரு மனிதர் தன் தலைமையைச் சொல்லத் தேடிப்பிடித்த உவமை அது. திருத்தந்தை பிரான்சிஸ் 2013 மே மாதம் உலகெங்குமிருந்து வந்த துறவற சபைத் தலைவிகளைச் சந்தித்தபோது, அர்ப்பணிக்கப்பட்ட பெண் தாயாக இருக்கவேண்டும், முதிர்கன்னியாகிவிடக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். அன்று எனக்கு அந்தச் சொல் கொஞ்சம் கடுமையாகப் பட்டது. இன்று உன் கடிதத்தைப் படித்தபின் அதிலிருந்த அக்கறை தெரிகிறது.

தாய்மை என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று மட்டும் எண்ணிவிடாதே. மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் ஊற்றியதும் அதே ஆயாதான். ஆனால் எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். எனக்கு அது தெரியாமல் போனது. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் எங்கள் அன்பியத்தின் பொறுப்பு என்னிடம் வந்த முதல் வருடம், எப்போதும் பாதி செபமாலைக்கு மேல்தான் வந்து சேரும் ஒரு பெண்ணை எல்லோர் முன்னாலும் கண்டித்துவிட்டேன். அவள் கணவருக்கு வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு என்பது பிறகுதான் தெரிந்தது. மூன்று தெரு தள்ளி இருக்கிற வீடு. நான் ஒருநாளும் அந்த வாசலை மிதித்ததில்லை. மன்னிப்புக் கேட்டேன், மன்னித்தாள். ஆனாலும் அன்று அவள் தலையைக் குனிந்துகொண்டு துதிப்பாடல் தாளை மடித்த விதம் இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. புனித பெனடிக்ட் தம் விதிகளின் 64ஆம் அதிகாரத்தில், துருவைச் சுரண்டுகிறேன் என்று பாத்திரத்தையே உடைத்துவிடாதே என்று மடத்தின் தலைவரை எச்சரிக்கிறார். தவக்காலத் தியானத்தில் சாமியார் இதைச் சொன்னபோது என்னால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை.

இன்னொன்று. மடத்தில் சேர நாம் இருவரும் ஒன்றாகத்தான் விண்ணப்பம் எழுதினோம். அம்மா படுத்த படுக்கையானதால் நான் நின்றுவிட்டேன். நீ பஸ் ஏறிய காலையில் உன்மேல் எனக்குப் பொறாமை இருந்தது என்று இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. அந்த வருத்தத்தைத் தீர்த்துவைத்தவர் புனித சிறுமலர் தெரேசாவின் தாய் செலி மார்ட்டின். அவரும் துறவியாக ஆசைப்பட்டவர், மடத்தில் ஏற்றுக்கொள்ளவில்லை. பிரான்சின் அலன்சோன் நகரில் லேஸ் தொழில் நடத்தி, பல பெண்களுக்கு வேலை கொடுத்து, ஒன்பது பிள்ளைகள் பெற்று நான்கைச் சிறுவயதிலேயே பறிகொடுத்தார். 1877இல் மார்பகப் புற்றுநோயில் இறந்தபோது தெரேசாவுக்கு நான்கு வயது. அந்தக் குழந்தை தன் அக்காள் பவுலினைப் பார்த்து இனி நீதான் அம்மா என்றாள். பின்னாளில் இருவரும் ஒரே கார்மேல் மடத்தில் சேர்ந்தார்கள், 1893இல் பவுலினே அங்கே தலைவியானார். வீட்டில் அக்காள், பிறகு அம்மா, பிறகு மதர். ஐந்து மகள்களும் துறவிகளானார்கள். செலியையும் கணவர் லூயியையும் 2015இல் ஒன்றாகப் புனிதர்களாக உயர்த்தினார்கள். என் இரண்டு பிள்ளைகளும் துறவறம் போகவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அடுப்படியில் நிற்கும்போது, நான் அழைப்பைத் தவறவிட்டவள் என்று இப்போது தோன்றுவதில்லை.

இங்கே ரப்பர் மரங்கள் ஏறக்குறைய இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனைதான். ஆயாக் கொட்டகை இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் கிடக்கிறது. மகளுக்குப் பிப்ரவரியில் பெண் குழந்தை பிறந்தது. என் பழைய சேலையில்தான் தூளி கட்டியிருக்கிறேன். ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குக் குழந்தையோடு போகிறோம். உனக்கு அனுமதி கிடைத்தால் வா, பேத்தியைத் தூக்கிக்கொள்ளலாம்.

உங்கள் இல்லத்தில் மூத்த சகோதரி ஒருவர் இரவில் சாப்பிடாமல் தட்டைத் தள்ளிவிடுகிறார் என்று எழுதியிருந்தாய். அவர் எந்தத் தோட்டத்தில் பிறந்தவர் என்று கேட்டாயா? நம் பக்கத்து ஆள் என்றால் கஞ்சியோடு நெத்திலிச் சம்பல் வைத்துப் பார். அடுத்த கடிதத்தில் சாப்பிட்டாரா என்று எழுது.

என்றும் உன்,
பக்கத்து லயத்துத் தோழி