சனிக்கிழமை வராத பிள்ளையைப் பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இதன் ஆங்கிலப் பிரதி திங்கட்கிழமை வாட்ஸ்அப்பில் வரும். அதற்குள் வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்த ஆயாவோ தாத்தாவோ இருந்தால், அவர்களிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

நம் தமிழ்ப் பள்ளியில் எட்டு வயது மாணவி ஒருத்தி போன பருவத்தில் தொடர்ந்து மூன்று சனிக்கிழமை வரவில்லை. பதிவேட்டில் மூன்று முறையும் ‘வரவில்லை’ என்று எழுதினேன். அவள் அம்மாவுக்குப் போன் செய்து கொஞ்சம் கடுமையாகவே பேசினேன். “கப்ஸுக்குப் போகிறாள் சார்” என்றார். சாரணர் இயக்கத்தில் ஏழிலிருந்து பத்து வயதுப் பிள்ளைகளுக்கான பிரிவுதான் கப்ஸ். கயிற்றில் முடிச்சுப் போடக் கற்கவா தமிழ் வகுப்பை விடுவது என்று எனக்கு எரிச்சல்.

அப்புறம் ஒரு நாள், வகுப்பு முடிந்து, டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் ஒரு முதியோர் இல்லத்துக்குக் கோயில் பிரசாதம் கொண்டுபோனேன். அங்கே கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் நம் பிள்ளை. எதிரே தொண்ணூறைத் தாண்டிய ஓர் ஆயா. பெரிய சேவை எதுவும் நடக்கவில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். அங்குள்ள ஆயாமாருக்குக் கை இன்னும் தைக்கிறது, கண்தான் ஒத்துழைப்பதில்லை. பிள்ளைகள் போய் ஆளுக்குப் பத்து ஊசியில் நீள நூலாகக் கோத்துப் பஞ்சில் குத்தி வைத்துவிட்டு வந்தால், ஒரு வாரத்துக்குக் கவலையில்லை. எட்டு வயதுக் கண்ணுக்கும் விரலுக்கும் இதைவிடப் பொருத்தமான வேலையை யோசித்துக் கண்டுபிடித்த அந்த அகேலாவை (கப்ஸ் தலைவரை அப்படித்தான் பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள்) மனதுக்குள் பாராட்டினேன்.

முதல் நாள் நடந்ததை அந்த ஆயாவே சிரித்துச் சிரித்துச் சொன்னார். “காதுல நூலக் கோத்துக் குடு கண்ணு” என்றாராம். பிள்ளை நூலைக் கையில் வைத்துக்கொண்டு ஆயாவின் காதையே பார்த்துக்கொண்டிருந்ததாம். உடல் உறுப்புகள் பாடத்தில் காது, மூக்கு, வாய் எல்லாம் நான்தான் நடத்தினேன். ஊசிக்கும் காது உண்டு என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை. கரும்புத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஆயா சொல்லிக்கொடுத்தார். அந்தச் சனிக்கிழமை அவள் தமிழ் வகுப்பில்தான் இருந்திருக்கிறாள். பதிவேட்டைத் திருத்திவிட்டேன். அவள் அம்மாவிடமும் வருத்தம் தெரிவித்துவிட்டேன்.

சிறுவர்களை நம்பி உண்மையான வேலையைக் கொடுக்கலாம் என்ற எண்ணம் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவலுக்கு உறுதிப்பட்டது நம் தென்னாப்பிரிக்காவில்தான். ஆங்கிலேயர் வசமிருந்த மாஃபிகிங் நகரைப் போயர் படை (டச்சு வழி வந்த வெள்ளையர்) 1899 அக்டோபரில் தொடங்கி 217 நாள் முற்றுகையிட்டபோது பையன்கள் கடிதங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். முதலில் கழுதையில், பிறகு சைக்கிளில். அந்தப் போரைப் பெருமையாகச் சொல்லவில்லை. அதே முற்றுகையில் கறுப்பின மக்கள் பட்டினி கிடந்து செத்ததையும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். சாரணர் இயக்கத்திலும் 1936இலிருந்து இந்தியருக்குத் தனிப் பிரிவு, கறுப்பினத்தவருக்குத் தனிப் பிரிவு என்றுதான் இருந்தது. 1977இல்தான் எல்லாம் ஒன்றாயின. இன்று இவள் கூட்டத்தில் ஒரு ஜூலு பையன் இருக்கிறான், ஊசி கோப்பதில் இவளைவிட வேகம். அவன் “கோகோ” (ஜூலுவில் பாட்டி) என்று கூப்பிட்டதற்கு ஆயா ஜூலுவிலேயே பதில் சொன்னதுதான் அன்றைக்குப் பிள்ளைகளுக்குப் பெரிய ஆச்சரியம்.

சில பெற்றோர் கேட்டுவிட்டார்கள்: “எல்லாம் பேட்ஜுக்காகத்தானே சார்?” அவளிடமே கேட்டேன். ஆமாம், பேட்ஜ் வேண்டும் என்றாள். சரி, வாங்கட்டுமே. மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்ற நான் சின்ன வயதில் முதலில் போய் நின்றதும் பக்தியால் அல்ல, கரண்டி பிடிக்கும் ஆசையால்தான்.

ஆகவே வரும் பருவத்திலிருந்து மாதம் ஒரு சனிக்கிழமை இப்படிப் போகிற பிள்ளையை ‘வெளிவகுப்பு’ என்று பதிவேன். முந்தின வியாழனுக்குள் சொல்லிவிடுங்கள். திரும்பி வந்ததும் புதிதாகக் கேட்ட தமிழ்ச் சொல் ஒன்றை அந்தப் பிள்ளை வகுப்பில் சொல்ல வேண்டும். கட்டணம் அதுதான்.

உங்கள் பிள்ளையை எந்தக் குழுவில் சேர்த்தாலும், பெரியவர் ஒருவர் மட்டும் பிள்ளைகளோடு தனியே இருக்க விடுகிறார்களா என்று பாருங்கள். எப்போதும் இருவராவது இருக்க வேண்டும். தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டில் (பிள்ளைகளோடு வேலை செய்யத் தகுதியற்றவர்களின் பட்டியலில்) தங்கள் பெயர் இல்லை என்பதற்கான படிவம் 30 சான்று அவர்களிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம், நல்ல குழுவினர் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இல்லத்துப் பெரியவர்களைப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். பிள்ளை இன்று போகவில்லை என்றால் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். போனால், அதன் வேலையை நீங்கள் வாங்கிச் செய்யாதீர்கள். ஒரு ஊசி கோக்கக் கால் மணி நேரம் ஆனாலும் ஆகட்டும்.

ஜூலை 18 மண்டேலா தினம். அவர் பொது வாழ்வில் செலவிட்ட 67 ஆண்டுகளுக்காக ஆளுக்கு 67 நிமிடம் கொடுப்பது வழக்கம். இந்த முறை நம் மூன்றாம் வகுப்பு முழுதும் அந்த இல்லத்துக்குப் போகிறது. ஆயாமாருக்குக் கறுப்பு, வெள்ளை நூல்கண்டும் ஊசியும் கொடுத்தனுப்புங்கள். காது பெரிதாக உள்ள ஊசியாகப் பார்த்து வாங்குங்கள், பையன்களில் இரண்டு பேருக்குக் கண்ணாடி.

அன்புடன்,
தலைமையாசிரியர்