மானிடவியலும் தில்லித் தமிழ்ப் பிள்ளைகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தில்லிப் பல்கலைக்கழகத்தில் 1947-லேயே தொடங்கப்பட்ட மானிடவியல் துறையில் என் மகள் சேர்ந்தபோது, "எலும்பை அளந்து என்ன சம்பாதிக்கப் போகிறாள்?" என்று உறவினர்கள் கேட்டார்கள். உடலமைப்பு, மரபணு, தொல்லியல் ஆகியவற்றோடு, மக்களிடையே தங்கி அவர்கள் வாழ்வைப் பதிவு செய்யும் களப்பணியையும் கற்றுத்தரும் படிப்பு அது.

முதல் பயிற்சிக்காக அவள் தன் பாட்டியின் அருகே அமர்ந்து, ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம் என்று எங்கள் உறவுமுறையை வரைந்தாள். தாய்மாமன், அத்தையின் கணவர், மாமனார் மூவரையும் நாம் 'மாமா' என்றே அழைக்க, இந்தியில் மாமா, ஃபூஃபா, சசுர் என மூன்று சொற்கள் இருப்பதற்கும், மாமன் மகளையும் அத்தை மகளையும் மணக்கும் நம் வழக்கத்துக்கும் உள்ள தொடர்பை அன்றுதான் நான் உணர்ந்தேன். இத்தகைய உறவுமுறையை ஆராய்ந்த லூயி துய்மோன் என்ற பிரெஞ்சு அறிஞரே மதுரைப் பக்கம் பிறமலைக் கள்ளர்களிடையே வந்து தங்கினார் என்றால், நம் பிள்ளைகளுக்கு இதில் எவ்வளவு உரிமை இருக்கிறது!

2025 ஜூன் மாதம் தில்லி ஜங்புராவில் தமிழர்கள் வாழ்ந்த மதராசி கேம்ப் என்ற குடிசைப் பகுதி இடிக்கப்பட்டது. தகுதி பெற்றவர்களுக்கு வெகுதொலைவில் நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. அந்தக் கேம்பில் வாழ்ந்த தமிழர்களின் பிழைப்பையும் பேச்சையும் வழிபாட்டையும் முறையாகப் பதிவு செய்ய, தமிழறிந்த மானிடவியல் மாணவர்கள் நிறையப் பேர் தேவை. தலைநகரின் தமிழ்ப் பள்ளிகள், பதினோராம் வகுப்பிலேயே இத்துறை மாணவர்களை அழைத்துப் பேச வைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
ராமகிருஷ்ணபுரம், புது தில்லி