பழைய சுவரைக் கெடுப்பது சிமென்ட் பூச்சு

ஆசிரியருக்கு,

பழைய கட்டடத்தை இடிக்கச் சொல்பவர்கள் முதலில் காட்டுவது பொரிந்து உதிரும் சுவரைத்தான். பெரும்பாலும் அது வயதின் குற்றமல்ல, மேலே பூசிய சிமென்டின் குற்றம். சுண்ணாம்புக் காரைச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிட, உள்ளே தங்கும் உப்பு செங்கல்லின் முகத்தையே செதில் செதிலாகப் பெயர்க்கும்.

அந்தப் பூச்சை உளியால் மெல்ல நீக்கி, செங்கற்களுக்கு இடையிலுள்ள இணைப்புகளை 25 மி.மீ. ஆழம் சுரண்டி நனைத்து, 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு சலித்த மணல் கலந்த காரையால் நிரப்ப வேண்டும். ஒரு வாரமாவது ஈரச் சாக்கு தொங்கட்டும். சட்டென்று காய்ந்தால் வெடிக்கும்.

அடித்தளம் இறங்கிக்கொண்டே இருந்தால் இடிப்பதைப் பேசலாம். உடனடி ஆபத்து இல்லையென்றால், விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டை ஒட்டுங்கள். சுவர் இன்னும் நகர்ந்தால் கண்ணாடி உடையும். ஓராண்டில் அது உடைகிறதா என்று பார்க்காமல் இடிக்க உத்தரவிடாதீர்கள்.