கட்டுப் போடாத கைகளுக்கு

ஐப்பசிக் கடைசியில், வரப்பில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த எங்கள் அம்மாவைக் கண்ணாடி விரியன் தீண்டிவிட்டது. வலது கணுக்காலுக்குச் சற்றுக் கீழே, இரண்டு பல். பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி வாசம் முடிந்து அம்மா வீடு திரும்பிவிட்டார். மன்னார்குடிப் பக்கத்து எங்கள் கிராமத்திலிருந்து தஞ்சாவூர் வரைக்கும் நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். வீட்டில் ஒருவர் ஸ்டாஃப் நர்ஸ், மற்றவர்கள் வயலிலேயே கிடப்பவர்கள். அதனால் யார் என்ன செய்தார்கள், அது ஏன் சரியாக இருந்தது என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம். வெறுமனே "உதவிய அனைவருக்கும் நன்றி" என்று முடித்துக்கொள்ள எங்களுக்கு மனம் வரவில்லை.

முதல் நன்றி பக்கத்துக் கொல்லையில் களை பறித்துக்கொண்டிருந்த அக்காக்களுக்கு. "பூச்சி தொட்டுடுச்சு" என்ற சத்தம் கேட்டு ஓடிவந்த நீங்கள் அம்மாவை ஓட விடவில்லை, நடக்கக்கூட விடவில்லை. அதே இடத்தில் உட்காரவைத்தீர்கள். விரியன் விஷம் பெரும்பாலும் நிணநீர் வழியாகத்தான் மேலே ஏறும். தசை அசைய அசைய நிணநீரும் நகரும். எலும்பு முறிந்த காலை எப்படி அசையாமல் வைப்போமோ, அப்படியே வைக்க வேண்டும். பந்தலுக்குக் கிடந்த மூங்கில் பிளாச்சு இரண்டை எடுத்து, காலின் இரு பக்கமும் முழங்காலைத் தாண்டும் நீளத்துக்கு வைத்து, துண்டால் மூன்று இடத்தில் தளர்வாகச் சுற்றினீர்கள். துண்டுக்குள் ஒரு விரல் நுழைந்தது. அந்தத் தளர்வுதான் சரியான அளவு.

நீங்கள் செய்யாமல் விட்டவற்றுக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும். கயிறு கொண்டுவந்து தொடையில் இறுக்க ஒருவர் முனைந்தபோது தடுத்தீர்களே, அந்தக் காலைக் காப்பாற்றியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. விரியன் விஷம் சதையை அழிக்கும். கட்டுப் போட்டால் விஷம் அங்கேயே தேங்கிச் சதையை இன்னும் கெடுக்கும், கீழே ரத்த ஓட்டமும் நின்றுபோகும். கட்டை அவிழ்த்த கணத்தில் மொத்தமும் ஒரேயடியாக உடம்புக்குள் பாயும். யாராவது ஏற்கெனவே கட்டியிருந்தால்கூட வழியில் அவசரப்பட்டு அறுத்துவிடக் கூடாது. ஆஸ்பத்திரியில் மருந்து கைவசம் தயாராக இருக்கும்போது மெல்லத் தளர்த்துவதுதான் முறை. பிளேடால் கீறவும் இல்லை நீங்கள். விரியன் விஷம் ரத்தத்தை உறையவிடாது, அப்படி ரத்தம் உறையாத உடம்பில் சின்னக் கீறலும் நிற்காமல் ஒழுகும். வாய் வைத்து உறிஞ்சுவதில் பிரயோசனமான அளவுக்கு விஷம் வெளியே வராது.

சிறியாநங்கை இலையை வாயில் கொடுத்து "கசக்குதா, இனிக்குதா" என்று பார்ப்பது நம் பக்கத்துப் பழக்கம். எதிர்வீட்டு ஆச்சி அதைக் கையில் எடுத்து வந்தவர், "இதெல்லாம் அப்புறம், முதல்ல வண்டியக் கூப்புடு" என்று கீழே போட்டுவிட்டார். விஷம் ஏறிய ஆள் வாந்தி எடுத்தால் வாயில் இருப்பது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் அபாயம் உண்டு. நேரம் போவது அதைவிடப் பெரிய நஷ்டம். மெட்டியைக் கழற்றச் சொன்னதும் அதே ஆச்சிதான். கட்டின மெட்டியைக் கழற்ற எந்தப் பொம்பளைக்கும் மனசு வராது. ஆனால் அரை மணி நேரத்தில் பாதம் வீங்கிவிடும், அப்புறம் மெட்டி விரலையே நெரித்துவிடும். தேங்காய் எண்ணெய் தடவி மெட்டியையும் கொலுசையும் கழற்றி, முடிச்சு போட்டு மடியில் வைத்தீர்கள், ஆச்சி.

பாம்பை அடிக்கத் தடியோடு ஓடாமல், தள்ளி நின்று கைபேசியில் படம் மட்டும் எடுத்த தம்பிக்கு நன்றி. முதுகில் மூன்று வரிசையாகச் சங்கிலிபோல நீள்வட்டக் கருந்திட்டுகள், முக்கோணத் தலை. அந்த ஒரு படம் போதுமாக இருந்தது. படமே இல்லாவிட்டாலும் மருத்துவம் நிற்காது. நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கும் ஒன்றேதான். பாம்பைத் தேடிப் போய் இன்னொருவர் கடி வாங்க வேண்டியதில்லை. செத்த பாம்பின் தலைகூடச் சில சமயம் கடித்துவிடும்.

தமிழ்நாட்டில் 108 வண்டி ஓடத் தொடங்கியது 2008 செப்டம்பர் 15-ல். அதற்கு முன்பு இதே வயலில் இதே கடிக்கு என்ன நடந்திருக்கும் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். மதகு வரைக்கும்தான் வண்டி வரும் என்பதால், அம்மாவைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி மதகுக்குக் கொண்டுவந்த நால்வருக்கும், வண்டி ஓட்டிய பைலட் அண்ணனுக்கும், மருத்துவ உதவியாளர் தம்பிக்கும் எங்கள் நன்றி. அம்மாவை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்ததும், போகும்போதே ஆஸ்பத்திரிக்கு "விஷக்கடி வருகிறது" என்று போன் போட்டதும் அந்தத் தம்பிதான். வலிக்கு ஊசி கேட்டோம், தசையில் போட மறுத்துவிட்டார். ரத்தம் உறையாதவருக்குத் தசையில் ஊசி போட்டால் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கட்டும். வீக்கம் எட்டிய இடத்தில் பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட்டுப் பக்கத்தில் நேரம் எழுதினார்: 5.55, அதற்கு மேலே 6.20, அதற்கும் மேலே 6.40. ஆஸ்பத்திரியில் மருத்துவர் முதலில் படித்தது அந்தக் காலைத்தான். நாங்கள் சொன்னதைக் கேட்டது அதற்குப் பிறகு.

பணியில் இருந்த மருத்துவர் அம்மாவுக்கு உடனே சீட்டு எழுதித் தஞ்சாவூருக்கு அனுப்பவில்லை. அங்கேயே மருந்தைத் தொடங்கினார். இந்த ஒரு முடிவுக்கு நாங்கள் வாழ்நாள் முழுக்கக் கடமைப்பட்டவர்கள். விஷமுறிவு மருந்து ரத்தத்தில் சுற்றும் விஷத்தைப் பிடிக்கும், ஆனால் விஷம் ஏற்கெனவே செய்த சேதத்தைத் திருப்பாது. முதல் டோஸ் ஏறாமல் சாலையில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் சிறுநீரகத்தின் கணக்கில் போய்ச் சேரும்.

அதற்கு முன்னால் லேப் அக்கா செய்த சோதனை. பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் நரம்பிலிருந்து எடுத்த ரத்தம் 2 மில்லி. மேசையில் நிறுத்தி 20 நிமிடம் தொடவே கூடாது. ஆட்டிப் பார்த்தாலோ, இடையில் சாய்த்தாலோ கணக்குத் தப்பும். பிளாஸ்டிக் குழாய் ஆகாது, உறைதலைத் தூண்டுவது கண்ணாடியின் பரப்புதான். சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயும் ஆகாது, நல்ல ரத்தம்கூட அதில் உறையாமல் ஏமாற்றும். அந்தச் சந்தேகம் வரக் கூடாது என்று எங்கள் வீட்டுச் சின்ன மருமகளின் ரத்தத்தையும் 2 மில்லி எடுத்து இன்னொரு குழாயில் பக்கத்தில் வைத்தார். இருபதாவது நிமிடம் இரண்டையும் சாய்த்தார். மருமகளுடையது தோய்ந்த தயிர்போல அசையாமல் நின்றது. அம்மாவுடையது தண்ணீராக ஓடியது.

உடனே விஷமுறிவு மருந்து பத்துக் குப்பி. மருந்து பொடியாக இருக்கும். ஒவ்வொரு குப்பியிலும் 10 மில்லி ஸ்டெரைல் நீர் விட்டு, இரு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து மெல்ல உருட்ட வேண்டும். குலுக்கினால் நுரைத்துவிடும், கரையவும் நேரமாகும். அவசரத்தில் குலுக்கத்தான் கை போகும். இரண்டு செவிலியர்கள் அவசரமே காட்டாமல் பத்தையும் உருட்டிக் கரைத்து, சலைனில் கலந்து, ஒரு மணி நேரத்தில் ஏறும்படி விட்டார்கள். முதல் பத்துப் பதினைந்து நிமிடம் வேகம் குறைவு, பக்கத்திலேயே ஒருவர் நின்றார். சிரிஞ்சில் அட்ரினலின் தயாராக இருந்தது. மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து வருவதால் சிலருக்கு அரிப்பு, தடிப்பு, வாந்தி, குளிர் நடுக்கம், மூச்சுத் திணறல் வரும். அம்மாவுக்கும் கழுத்தில் தடிப்பு எழும்பியது. சொட்டை நிறுத்தி, 0.5 மில்லிகிராம் அட்ரினலினை நல்ல காலின் தொடையில் மெல்லிய ஊசியால் போட்டு, அடங்கியதும் மறுபடி மெதுவாகத் தொடங்கினார்கள். தசை ஊசி கூடாது என்ற விதியை மீறலாம் என்பது இந்த ஓர் இடத்தில்தான். எதிர்வினை வந்தது என்று பயந்து மருந்தையே நிறுத்திவிடுவதுதான் பெரிய தப்பு. பக்கத்துப் படுக்கையில் ஆறு வயதுப் பையன் இருந்தான். அவனுக்கும் அதே பத்துக் குப்பிதான். குழந்தை சின்னது என்று பாம்பு விஷத்தைக் குறைத்துக் கக்குவதில்லையே.

ஆறு மணி நேரம் கழித்து மறுபடி கண்ணாடிக் குழாய். ஈரல் உறைபொருள்களைப் புதிதாகச் செய்து முடிக்க ஏறத்தாழ அவ்வளவு நேரம் பிடிக்கும், அதற்கு முன் பார்த்துப் பயனில்லை. அப்போதும் உறையவில்லை. இன்னும் பத்துக் குப்பி ஏற்றினார்கள். அடுத்த ஆறாவது மணியில், பொழுது விடிந்து, ரத்தம் உறைந்துவிட்டது என்று எங்களை எழுப்பிச் சொன்ன பயிற்சி மருத்துவருக்கு நன்றி. இருபது குப்பிக்கும் ஒரு பைசா வாங்கவில்லை.

ரத்தம் சரியாகியும் சிறுநீர் குறைந்ததைக் கண்டுபிடித்தது இரவுப் பணிச் செவிலியர். ஐம்பது கிலோ ஆளுக்கு மணிக்கு 25 மில்லியாவது இறங்க வேண்டும். அவர் மணிக்கு மணி அளந்து எழுதிய தாளில் 30, 20, 12, 8 என்று இறங்கியது. சிறுநீர் கோலா நிறத்தில் இருந்தது. அந்தத் தாளோடுதான் தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். அங்கே கழுத்து நரம்பில் குழாய் வைத்து, நான்கு நான்கு மணி நேரமாக ஐந்து முறை டயாலிசிஸ். அந்தப் பிரிவின் டெக்னீஷியன்களுக்கும் சிறுநீரக மருத்துவர்களுக்கும் எங்கள் வணக்கம்.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாருமே இளநீர் வாங்கி வந்தீர்கள். வாசலில் செவிலியர் தடுத்தபோது கோபித்துக்கொள்ளாமல் திருப்பி எடுத்துப் போனீர்கள், அதற்கு நன்றி. சிறுநீர் இறங்காத நாளில் பொட்டாசியம் வெளியேற வழியில்லை. இளநீர், வாழைப்பழம், சாத்துக்குடி எல்லாம் பொட்டாசியம் நிறைந்தவை, இதயத்துடிப்பையே நிறுத்திவிடும். பன்னிரண்டாம் நாளுக்குப் பிறகு சிறுநீர் திறந்துகொண்டது. ஒரே நாளில் மூன்று லிட்டருக்கு மேல் போனது. அப்போது போகிற அளவுக்குத் தண்ணீர் ஈடுகட்ட வேண்டும் என்று மாற்றிச் சொன்னார்கள். ரத்தம் இரண்டு யூனிட் கொடுத்த கல்லூரித் தம்பிகள் இருவருக்கும், கொப்புளங்களைக் குத்திவிடாமல் தினமும் சுத்தம் செய்து கட்டுப் போட்ட அண்ணனுக்கும், வார்டைத் துடைத்த அம்மாக்களுக்கும், பத்தொன்பது நாளும் எங்கள் மாடு இரண்டையும் கறந்து பால் ஊற்றிய கீழத்தெருக்காரர்களுக்கும் நன்றி.

முகம் பார்க்காதவர்களுக்கும் ஒரு நன்றி. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. காட்டிலும் வயலிலும் பிடித்த பாம்பை மண்பானையில் வைத்து, விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, சில வாரத்தில் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். அடையாளம் இருந்தால் அதே பாம்பை உடனே மறுபடி பிடிக்க மாட்டார்கள். அந்த விஷத்தைக் குதிரைக்குச் சிறுகச் சிறுகக் கூட்டி ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்ததுதான் அம்மாவுக்கு ஏறிய மருந்து. 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்கள் கைபட்ட விஷம்தான் மருந்தாகி வந்ததா என்று யாருக்குத் தெரியும், ஆனாலும் கைகூப்புகிறோம்.

ஊர்க்காரர்களுக்கு இரண்டு வார்த்தை. மழை பிடித்து வளைக்குள் தண்ணீர் ஏறினால் பாம்பு மேடு தேடி வரப்புக்கும் வீட்டுக்கும்தான் வரும். எலி இருக்கும் வயலை அது விடாது. கதிர் பால் பிடிக்கும் முன்பே தஞ்சாவூர்க் கிட்டி என்ற எலிப்பொறி வைத்து எலியைக் குறையுங்கள், வைக்கோல் போரை வீட்டுச் சுவரை ஒட்டிப் போடாதீர்கள், இருட்டினால் டார்ச்சும் ரப்பர் பூட்ஸும் இல்லாமல் இறங்காதீர்கள். தரையில் படுப்பவர்கள் கொசுவலையைப் பாயின் அடியில் செருகிக்கொள்ளுங்கள். கட்டு விரியன் இரவில் கடித்தால் வலியே இருக்காது, தடமும் தெரியாது. விடியலில் காரணமில்லாத வயிற்றுவலியும் இமை தொங்கலும் வந்தால் அதைச் சந்தேகியுங்கள். எந்தக் கடியானாலும், ஒன்றும் இல்லை என்று தோன்றினாலும், 24 மணி நேரம் ஆஸ்பத்திரியில் இருங்கள். 2024 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் பாம்புக்கடியை ஒவ்வொரு மருத்துவமனையும் அரசுக்கு அறிவிக்க வேண்டும். ஆகவே நீங்கள் போய்ப் பதிவாவதும் ஒரு உதவிதான், எந்த ஊரில் எத்தனை குப்பி மருந்து வேண்டும் என்பது அதிலிருந்துதான் தெரியும்.

சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் அடுத்த கிரியாட்டினின் ரத்தச் சோதனை அம்மாவுக்குத் தை முதல் வாரம். கணுக்காலை மேலும் கீழும் அசைக்கும் பயிற்சி காலையும் மாலையும் இருபது தடவை நடக்கிறது. அக்காக்களே, உங்கள் மூங்கில் பிளாச்சு இரண்டும் எங்கள் தாழ்வாரத்தில் சாத்தியிருக்கிறது. துண்டு மூன்றையும் துவைத்து மடித்து வைத்திருக்கிறோம். வரும்போது ஆச்சியையும் அழைத்து வாருங்கள், மெட்டியை அவர் கையால் போட்டுக்கொள்ள வேண்டும் என்று அம்மா காத்திருக்கிறார்.

அம்மாவின் பிள்ளைகளும் மருமகள்களும்
மன்னார்குடி வட்டம்